கிருஷ்ணகுமாரி வைத்த பிடிமண்

மரத்தில் கத்தியை வைப்பதற்கு முன்னால் கிருஷ்ணகுமாரி கிழக்கே திரும்பி, வலது உள்ளங்கையை இடது மார்பின் மேல் அழுத்திக்கொண்டு நிற்பாள். ரப்பர் காட்டுக்குள் அந்நேரம் விடியல் சரியாக இறங்கியிருக்காது. நெற்றியில் கட்டிய லைட் ஒரு மரத்தை மட்டும் வெள்ளையாகக் காட்டும். அவள் உதடு அசையும். பக்கத்து வரிசையில் பால் வெட்டுகிறவர்கள் சாமி கும்பிடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சாமி கும்பிடுகிறவள் கையெடுத்தல்லவா கும்பிடுவாள்? நெஞ்சுவலிக்காரி மாதிரி மாரைப் பிடித்துக்கொண்டு எதற்கு நிற்கிறாள்?

நின்று முடிந்ததும் வேலை மளமளவென்று ஓடும். மரத்தின் பழைய வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நார் போல உரித்து இடுப்புப் பையில் போடுவாள். கத்தி ஒரே இழுப்பில் சாய்வாக இறங்கும். பட்டைக்கு மேல் போகாது, கட்டைக்கும் இறங்காது. "வாடி, எறங்கு," என்று பாலைக் கூப்பிட்டுச் சிரட்டையைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவாள். தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் அவள் கைக்கு ஈடான கை இல்லை என்று கங்காணியே சொல்வார். கங்காணி ஒருத்தரைப் புகழ்வதென்றால் காக்கை வெள்ளையாகப் பறந்த கதைதான்.

இதையெல்லாம் கொஞ்சம் தள்ளி, மரத்தோடு மரமாக நின்று நல்லையா பார்த்துக்கொண்டிருப்பான். அவள் புருஷன். புகைக்கூட்டில் ரப்பர் ஷீட் காயவைக்கிற வேலை. கட்டிக்கொண்ட பெண்டாட்டியை ஒளிந்து நின்று பார்க்க வேண்டிய வயதா அவனுக்கு? ஆனால் லெபனானில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவள் தன் பெண்டாட்டிதானா என்று அவனுக்குள் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. அதை வெளியே சொல்லவும் வெட்கம்.

வந்த புதிதில் இருந்தது ஒரே ஒரு மாற்றம்தான். கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் முன்கதவு இரவெல்லாம் ஒருச்சாய்த்தபடி கிடக்கும். தெருநாய் உள்ளே வந்து படுத்திருந்தாலும், "அது கெடக்கட்டுங்க, கதவ மட்டும் சாத்தாதீங்க," என்பாள். அதற்கான காரணம் நல்லையாவுக்குத் தெரியும், அதனால் பொறுத்துக்கொண்டான். பிறகு ஒவ்வொன்றாக வேறு சில சேர்ந்தன. உப்பு எங்கே என்று கேட்டால் விரலால் காட்டமாட்டாள். உதட்டைக் குவித்து அந்தத் திசையில் நீட்டுவாள். "சாப்பிட்டியா?" என்றால் ஆமாம் என்று வாய் திறக்காமல் புருவத்தை மட்டும் ஒருமுறை தூக்கி இறக்குவாள். கோழிக்கறியில் வினாகிரியை ஊற்ற ஆரம்பித்தாள். அவிசாவளையில் கார்மென்ட் வேலைக்குப் போகும் மகள் கலைச்செல்வி அந்தக் கறியை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நம்ம அம்மா சமையல் இல்லப்பா," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நல்லையா தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

ஏனென்றால் உதட்டால் திசை காட்டுகிற அந்தப் பெண்ணை அவன் பார்த்திருக்கிறான். கிருஷ்ணகுமாரியின் போனில் ஒரு வீடியோ இருக்கிறது. குட்டையான, சிரித்த முகமுள்ள ஒரு பிலிப்பைன்ஸ்காரி அடுக்களையில் நின்றுகொண்டு, அடுப்பில் கறி தீய்கிறது என்று உதட்டைக் குவித்துக் காட்டுவாள். பெயர் லோர்னா. செத்துப்போனவள்.

பெய்ரூட்டில் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை. இவளுக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்கு இவள் மொழி தெரியாது. எஜமானிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட அடுக்களை அரபியில்தான் இருவரும் சுகதுக்கம் பேசினார்கள். லோர்னாவின் தம்பி கடலுக்குப் போகிறவன். அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து மீன் பிடித்த கடலில் இப்போது வேறு நாட்டுப் பெரிய கப்பல்கள் வந்து நின்று, சின்னப் படகுகள் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விரட்டுகின்றனவாம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பிலிப்பைன்ஸ் பெண்கள் கூடினால் இதே பேச்சு. சண்டை வந்தால் போய்ச் சாவாயா, மாட்டாயா? ஒருத்தி, "நாடு எனக்கு என்ன செஞ்சிச்சு? வேல குடுத்திருந்தா நான் ஏன் இங்க வந்து கக்கூஸ் கழுவுறேன்?" என்று கேட்டுவிட்டாள். லோர்னா அவளோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

"அவ சொல்லுவாங்க," என்று கிருஷ்ணகுமாரி ஒருநாள் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே நல்லையாவிடம் சொன்னாள். "கூப்புட்டா நான் போவேன், செத்தாலும் என் நாட்டுக்குத்தானேன்னு. வெளிநாட்டுல வேல செய்யிறவங்களக்கூட அவங்க நாட்டுல வீரருன்னுதான் சொல்லுவாங்களாம். தர தொடைக்கும்போதும் அந்த நெனப்புலதான் தொடைப்பா. எனக்குச் சிரிப்பா வரும். அப்புறம் பொறாமையா வந்திச்சி."

"நம்ம ஊர்லயும்தான் வெளிநாட்டு வேல ஆபீசுல ரட்டவிருவோன்னு போர்டு போட்டிருக்கான். நாட்டு வீரருன்னுதானே அதுக்கு அர்த்தம்?"

"அது சல்லி அனுப்புறவளுக்குங்க. செத்துப் போறவளுக்கு என்ன பேருன்னு அதுல போடல."

லோர்னா சாகும்போது சண்டை எதுவும் போடவில்லை. குண்டு விழ ஆரம்பித்ததும் எஜமான் குடும்பம் காரில் ஏறி மலைப்பக்கம் போய்விட்டது. போகும்போது வேலைக்காரிகள் ஓடிவிடக் கூடாதென்று வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள். பாவிகள்! பக்கத்துக் கட்டடம் இடிந்தபோது பால்கனிக் கண்ணாடி உள்ளே வெடித்துச் சிதறியது. லோர்னாவின் கழுத்தில் அது இறங்கியது. கதவை உடைத்துக்கொண்டு ஆள் வரும்வரை கிருஷ்ணகுமாரி அந்த உடம்போடு பூட்டிய வீட்டுக்குள் இருந்தாள். நாட்டுப் பாட்டுக்கு நிற்கும்போது வைப்பதுபோல நெஞ்சின் மேல் வைத்த கையை லோர்னா கடைசிவரை எடுக்கவில்லை. விறைத்த பிறகு எடுக்கவும் முடியவில்லை.

உடம்பு அவள் ஊருக்குப் போனது. ஊர்க்காரர்கள் பெட்டிமேல் கொடியைப் போர்த்தித் தோளில் தூக்கிப் போனதை அவள் தம்பி வீடியோ எடுத்து அனுப்பினான். கிருஷ்ணகுமாரி அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். தோட்டத்துக்கு வந்து பையைக் கொட்டியபோதுதான் அடியில் ஒரு மருந்துப் போத்தல் கிடந்தது. உள்ளே லோர்னா தன் ஊர்க் கடற்கரையில் அள்ளி, போகிற இடமெல்லாம் தலைமாட்டில் வைத்திருந்த மண். சண்டை தொடங்கியபோது பத்திரத்துக்காக அவளே இவள் பையில் போட்டிருக்க வேண்டும்.

வேறு யாராவது என்றால் அதைத் தபாலில் அனுப்பியிருப்பார்கள். கிருஷ்ணகுமாரி தோட்டத்துப் பெண். அவளுக்கு மண் என்றால் பிடிமண். இந்தியாவிலிருந்து வந்த பாட்டன்மார் குலசாமியைச் சுமந்து வர முடியாமல் கோயில் வாசலில் ஒரு பிடி மண்ணை அள்ளி மடியில் முடிந்துவந்து, இங்கே மரத்தடியில் வைத்துக் கும்பிட்டார்கள். மண் வந்தால் சாமியும் வந்ததாகக் கணக்கு. அந்த வழக்கப்படி மஞ்சள் தண்ணீர் தெளித்து, மலைமேல் தன் வரிசையின் கடைசி மரத்தின் வேரில் லோர்னாவின் மண்ணை வைத்துக் கற்பூரம் காட்டினாள். மரியாதைக்குத்தான் செய்தாள், பாவம். வைத்த இடத்தில் அது குடியேறிவிடும் என்பதை அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய் வேறொன்றாக முடிந்தது.

அந்த மரத்தின் பால் அதற்குப் பிறகு சிரட்டையிலேயே திரைந்தது. மற்ற மரங்களில் பால் பாலாகவே இருக்க, இதில் மட்டும் எடுக்கப் போவதற்குள் தயிர்க்கட்டி. கங்காணி சிரட்டையை மாற்றச் சொன்னார், மாற்றியும் திரைந்தது. வேரடியில் செம்மண் நடுவே ஒரு பாய் அகலத்துக்கு வெளிர் மணல் பரவியது. போத்தலில் இருந்ததோ ஒரு பிடி. மாணிக்கக் கல் தோண்டுகிற குழி மண் மழையில் அரித்து வந்திருக்கும் என்று நல்லையா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மலை உச்சிக்கு மழை எங்கிருந்து அரித்துக்கொண்டு வரும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் அங்கே குனிந்து மணலைத் தொட்டான். காற்றில்லாமல் இலை அசையாமல் நின்ற நேரம். காட்டுக்குள் எங்கோ அலை வந்து விழுந்து, மெல்லத் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. கடலையே அவன் வாழ்க்கையில் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறான், ஆனாலும் அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். வேட்டி தடுக்க இறங்கி ஓடினான்.

அன்று மாலை கிருஷ்ணகுமாரி கேட்டாள். "ஏங்க, நான் செத்தா என் மேல எந்தக் கொடியப் போத்துவாங்க?"

"சங்கக் கொடி போத்துவானுங்க. சந்தா பாக்கி இல்லாட்டி," என்று நல்லையா சிரிக்கப் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை. "நான் எதுக்காகச் செத்தேன்னு சொல்லுவாங்க?" என்றாள். அவனுடைய அப்பா எந்த நாட்டுக்காரர் என்று இந்த நாடும் இந்தியாவுமாக இரண்டு அரசாங்கங்களும் பேசி முடிப்பதற்குள் செத்தே போனார். அந்த வீட்டுப் பிள்ளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வான்?

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை சீதாவாக்கை ஆற்றில் துணி துவைக்கப் போனார்கள். நல்லையா கல்லில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்தபோது கிருஷ்ணகுமாரி நடு ஆற்றில் மார்பளவுத் தண்ணீரில், நெஞ்சில் கையோடு, லோர்னாவின் நாடு இருக்கும் கிழக்கே பார்த்து நடந்துகொண்டிருந்தாள். "நான் வாறேன், நான் வாறேன்," என்றது அவள் வாய். அவன் கத்திக்கொண்டு பாய்வதற்குள் தண்ணீர் அவள் கழுத்துக்கு ஏறிவிட்டது. அப்புறம் நடந்ததை அவன் கண்ணால் பார்த்தான். ஆறு கீழே ஓடுகிறது. அவள் உடம்பு மட்டும் ஓட்டத்துக்குக் குறுக்கே, முதுகு முன்னால் வர, யாரோ இரண்டு கையாலும் தள்ளுவதுபோலக் கரையை நோக்கி வந்தது. மணலில் வந்து உட்கார்ந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே அழுதாள்.

மறுநாளே நல்லையா புளத்கொகுபிட்டியப் பக்கம் போய் பேயோட்டும் கோடாங்கி ஒருவரைப் பேசிவைத்தான். எனக்கு என் பெண்டாட்டி வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் அவரிடம் சொன்னான். வெள்ளிக்கிழமை பகலில், அந்த மரத்தடியிலேயே, மணல்மேல் அவளை உட்காரவைத்து உடுக்கை அடித்தார் கோடாங்கி. பக்கத்தில் எலுமிச்சம்பழம், சுத்தியல், ஓர் இரும்பு ஆணி. உச்சிமுடியில் ஒரு கற்றையை மரத்தோடு வைத்து அடித்துவிட்டால் வந்தது போய்விடும் என்றார். கலைச்செல்வி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு நீ? எந்த ஊரு? இந்தப் பொம்பளைய ஏன் ஆத்துக்குக் கூட்டிப் போற?"

கிருஷ்ணகுமாரி தலையை ஆட்டவில்லை, முடியை விரித்துப் போடவில்லை. தெளிந்த குரலில் பேசினாள். "கூட்டிப்போனது அவ இல்லீங்க சாமி. நான்தான் போனேன். அவ மாதிரி எதுக்காகவாச்சும் செத்தா நல்லாருக்கும்னு நெனச்சேன். அவ வேணாம்னு என்னையத் தள்ளிவிட்டுட்டா. ஒனக்கு வீடு இருக்கு, புள்ள இருக்கு, போடின்னா."

நல்லையாவுக்கு ஆற்றில் பார்த்தது புரிந்தது. பெண்டாட்டியை உயிரோடு தன்னிடம் திருப்பிக் கொடுத்த கையையா ஆணி அடித்து விரட்டப் போகிறோம்?

கோடாங்கிக்கு இந்தக் கதையெல்லாம் தேவையில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. உடுக்கையை உயர்த்தி ஓங்கி அடித்தார். "பொறத்தியார் மண்ணுல ஒனக்கென்ன வேல? வந்த வழியே போ! ஒன் நாட்டுக்குப் போ! ஒன் நாட்டுக்குப் போ!"

கிருஷ்ணகுமாரியின் முகம் செத்துப்போயிற்று. "அந்த வார்த்தய மட்டும் சொல்லாதீங்க சாமி," என்றாள்.

நல்லையாவுக்கோ அது உடுக்கைச் சத்தமாகக் கேட்கவில்லை. எழுபத்தேழு கலவரத்தில் அவன் சின்னப் பிள்ளை. லயம் எரிந்துகொண்டிருக்க, அம்மா அவன் வாயைப் பொத்திக்கொண்டு இதே ரப்பர் காட்டுக்குள் குப்புறக் கிடந்தாள். பந்தம் பிடித்தவர்கள் கத்திக்கொண்டே ஓடினார்கள். "ரட்டட்ட பலயவ்! ரட்டட்ட பலயவ்!" உங்கள் நாட்டுக்குப் போங்கள். அம்மா அவன் காதில், "எங்கடா போறது?" என்று கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்டாள்.

அவன் இரண்டே எட்டில் போய், உடுக்கையின் தோல்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினான். சத்தம் பொத்தென்று நின்றது.

"போதும் சாமி."

"பாதியில நிப்பாட்டுனா அது இங்கயே தங்கிரும். அப்புறம் என்னையக் கூப்புடக் கூடாது."

"தங்கட்டும்," என்றான் நல்லையா. "இது என்ன எங்க அப்பன் ஊட்டு மண்ணா, அவள மட்டும் போகச் சொல்றதுக்கு? நாங்களும் வந்து தங்குனவங்கதான்."

கோடாங்கி ஆணியையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு முணுமுணுத்தபடி மலையிறங்கினார். கலைச்செல்வி அவருக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். கிருஷ்ணகுமாரி எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டாமல் அப்படியே நடந்தாள்.

லயத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை ஓர் ஆள் போகத்தான் காணும். நல்லையா புல்லில் ஒதுங்கி நின்று அவளுக்கு வழி விட்டான். அவள் கடந்து போனாள். அவன் உடனே பாதையில் ஏறிவிடவில்லை. தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, அவளுக்குப் பின்னால் இன்னோர் ஆள் கடந்து போகிற நேரம் அங்கேயே நின்றுவிட்டு, அப்புறம்தான் பின்னால் காலை எடுத்து வைத்தான்.