எட்டாம் நம்பர் விற்ற வீடு

விட்டுப் போகப்போகிற வீட்டில் ஒருத்தி எதற்காக அத்தனை பிடிவாதம் பிடிக்க வேண்டும்? எட்டாம் நம்பரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியை ஒரு முறையாவது தங்களுக்குள் கேட்டிருப்பார்கள். நேரில் கேட்கும் துணிச்சல் அவள் கணவருக்கு மட்டும்தான் இருந்தது. அவருக்கும் ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை.

எட்டு என்பது அவள் ஓட்டிய பேருந்தின் எண். பிழைக்க வந்த நாட்டில் இருபத்திரண்டு வருடம் ஒரே தடத்தில் வண்டி ஓட்டினாள். நம்மவர்கள் நடுவே பெயர் போய் எண் நின்றுவிட்டது. கல்யாண மண்டபத்தில் "எட்டாம் நம்பர் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால் ஒருவரும் சாலையை எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அந்த வீடு அவள் கண்ணில் பட்டதும் பேருந்து ஓட்டுநர் இருக்கையில் இருந்துதான். ஒரு நிறுத்தத்தை ஒட்டி, ஒடுங்கலான மாடிவீட்டின் முன்னால், விற்பனைக்கு என்று பலகை நட்டிருந்தார்கள். அதிலிருந்த எண்ணுக்குத் தொலைபேசினாள். தரகு அலுவலகத்துப் பெண் தேனாகப் பேசினாள். பெயரைக் கேட்டாள். கேட்ட பிறகு, அந்த வீடு விற்றுப்போய்விட்டதே என்றாள்.

மறுநாள் பலகை இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. ஒரு நாளைக்குப் போக ஆறு, வர ஆறு என்று பன்னிரண்டு முறை அந்தப் பலகையைக் கடந்தாள். பத்தாம் நாள், சாப்பாட்டு இடைவேளையில், கடைசி நிறுத்தத்திலிருந்து சீருடையோடு நடந்து வந்து அழைப்பு மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அந்த நாட்டு மொழியில், இலக்கணம் நொண்டினாலும் குரல் நொண்டாமல், "வித்த வீட்டுக்கு எதுக்குப் பலகை?" என்று கேட்டாள்.

வாத்தியாருக்கு ஒன்றும் தெரியாது. அவள் எதிரிலேயே அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கத்தினார். அவரை நல்ல மனிதர் என்று சொல்லிவிட முடியாது. மூன்று மாதமாக விலைபோகாத வீடு அது. ஆனாலும் கத்தினார். வீடு அவளுக்கு வந்தது.

பதினேழு வருடம் போயிற்று. கணவருக்குச் சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி இரண்டு முட்டியும் தேய்ந்துபோயின. படுக்கையறையும் குளியலறையும் மாடியில் இருந்தன. பதின்மூன்று படி. காலையில் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து, குழந்தையைப் போல இறங்குவார். அந்த நேரத்தில் அவள் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டாள்.

தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு அமைந்தது. அதை விற்பவர்கள் எட்டு வாரம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் தங்கள் வீட்டை விற்றால் அது இவர்களுக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்கு.

விற்றுத்தர வந்த தரகர் நம்மவர்தான். இளைஞர், கோட்டும் மினுங்கும் ஷூவுமாக வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, மாடிப்படி ஓரமா இருக்கற போட்டோ எல்லாத்தையும் எடுத்துடலாம். வாசல்ல செருப்பு வேணாம். ஒரு எட்டு வாரத்துக்குத் தாளிக்காதீங்க. ஆளுங்க பாக்க வரும்போது நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போயிடுங்க. எங்க ஆபீஸ் பொண்ணு, இந்த ஊர்க்காரி, அவ கதவைத் திறப்பா. மேசையில அழகுக்கு ஒரு கிண்ணம் எலுமிச்சம்பழம் வெச்சிடலாம்."

"எலுமிச்சம்பழமா? யாருக்குத் தம்பி திருஷ்டி கழிக்கறீங்க?"

"சிரிக்காதீங்கக்கா. நம்மாளுங்க வீடுன்னு தெரிஞ்சா விலையைக் குறைச்சுக் கேப்பாங்க. நான் தினமும் பாக்கறேன்."

"அப்ப பதினேழு வருஷமா இங்க யாரு குடியிருந்தாங்க? பேயா?"

"அக்கா, இது வியாபாரம்."

"வியாபாரம்தான். சரக்கை மூடி வெச்சா விப்பீங்க? என் வீட்டுக் கதவை நான்தான் திறப்பேன்."

படிச்சுவரில் பதினொரு படங்கள் இருந்தன. கல்யாணக் கோலம், பட்டமளிப்பு அங்கியில் மகள், முதல் நாள் பேருந்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அவள். ஒன்றும் அசையவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு அவளே கதவைத் திறந்தாள். அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும். சிலர் படங்களைப் பார்த்ததும் கடிகாரத்தையும் பார்த்தார்கள். ஓர் அம்மாள் மூக்கை மூடிக்கொண்டு குளியலறையை மிகவும் புகழ்ந்தாள். வந்தவர்கள் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை.

ஐந்தாம் வாரம் கணவர் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "உன் படத்துக்கும் என் முட்டிக்கும் போட்டி நடக்குது. முட்டிதான் தோக்குது."

அவள் கரண்டியோடு வந்து நின்றாள். "முட்டி வலிக்குதுன்னு மூஞ்சியை மறைக்கச் சொல்றீங்களா?"

"மூஞ்சி உன்னுது. முட்டி என்னுது. அதான் உனக்கு வலிக்கல."

அவள் திரும்பி அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

ஏழாம் வாரம் தரகர் தொலைபேசினார். கணவர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அண்ணா, ஒரு தம்பதி கேட்ட விலைக்கே எடுக்கறாங்க! ஒரே ஒரு தடவை மறுபடி பாக்கணுமாம். படம் இல்லாம, நீங்க இல்லாம. தாங்க குடியிருக்கற மாதிரி மனசுல நெனச்சுப் பாக்கணுமாம். ஒரு மணி நேரம்தான். அக்காகிட்ட நீங்க சொல்லுங்கண்ணா."

அவள் கணவரைப் பார்த்தாள். "முட்டி உங்களுது. நீங்களே சொல்லுங்க."

அது நியாயமான பேச்சா என்பது சந்தேகம்தான். வலியை அவர் தலையில் போட்டதுபோல முடிவையும் அவர் தலையில் போட்டாள். அவர் வெகுநேரம் படிகளைப் பார்த்தார். ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எண்ணுகிறவரைப் போல.

"தம்பி, எப்ப வேணாலும் கூட்டிட்டு வாங்க. நாங்க வீட்டுலதான் இருப்போம். எங்க வீட்டை விட்டுட்டு எங்க போறது?"

தம்பதி வரவில்லை. தரகர் இரண்டு நாள் தொலைபேசியை எடுக்கவில்லை.

எட்டாம் வாரம் ஒரு கூரை வேலைக்காரர் வீடு பார்க்க வந்தார். வாட்டசாட்டமான ஆள், கையில் சுத்தியல். படங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுவரைத் தட்டினார், பரணில் ஏறினார், குழாய்களுக்கு அடியில் படுத்தார். பிறகு அடுப்படியில் நின்று, பசிக்கிறது என்றார். அவள் ஒரு தட்டு வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே, கேட்டதைவிடக் கொஞ்சம் குறைத்து விலை சொன்னார்.

"எங்காளுங்க வீடுன்னு கொறைக்கறீங்களா?" என்று அவர் மொழியிலேயே கேட்டாள்.

"கூரையில ரெண்டு இடத்துல ஓட்டை. அதுக்குத்தான். சுவத்துல யாரு தொங்கினா எனக்கென்ன, நான் சுவரைத்தானே வாங்கறேன்?"

அவள் வாய்விட்டுச் சிரித்ததைக் கணவர் மாடியிலிருந்து கேட்டார். அன்றே பேச்சு முடிந்தது. தவணைக்கு நாலு நாள் மிச்சமிருந்தது.

வீட்டைக் காலி செய்த காலையில் கடைசியாகத்தான் படங்களைக் கழற்றினாள். பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, ஒரே பெட்டியில் அடுக்கி, கயிறு கட்டினாள். புது வீட்டுக்குள் அந்தப் பெட்டிதான் முதலில் போனது. கணவர் அதற்குள் பதினொரு ஆணி வாங்கிவைத்திருந்தார். படியில்லாத வீட்டில் சுத்தியலோடு விறைப்பாக நடந்து வந்து நின்றார்.

"எந்தச் சுவத்துல மாட்டட்டும்?"

"இப்ப வேணாம்."

"எப்ப?"

"மறுபடி யாராவது வந்து எடுக்கச் சொல்லவா? சுத்தியலை வெச்சிடுங்க."

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த வீட்டுச் சுவர்கள் வெறுமையாகத்தான் இருக்கின்றன. முதன்முறை வருகிறவர்கள், யாரோ இன்று நேற்றுக் குடிவந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, கயிறு அவிழ்க்கப்படவில்லை. வாரம் ஒரு முறை அதை இழுத்து, தூசி துடைத்து, திரும்ப உள்ளே தள்ளுகிறாள்.