மூன்று காலண்டரும் ஒரு பூச்சரமும்

அழகுராஜாவைக் கிறிஸ்தவ வேதத்துக்குள் இழுத்தது எந்தப் போதகரும் இல்லை, காலண்டர்தான். விஸ்வநத்தத்தில் ஒரு பிரஸ்ஸில் இருபத்தாறு வருஷமாக மிஷின் ஓட்டுகிறவர். ஆடி பிறந்தால் சபைகளின் தினசரி காலண்டர் ஆர்டர் வந்து குவியும். மை சரியாக விழுந்திருக்கிறதா என்று தாளைத் தூக்கிப் பார்க்கிறவர், அதிலிருக்கும் வசனத்தையும் வாசித்து வைப்பார். பாரம் சுமக்கிறவனைக் கூப்பிடுகிற வசனம் ஒன்று அவரை விடவே இல்லை. ஐம்பத்தொரு வயதில் ஞானஸ்நானம் எடுப்பதென்று முடிவு செய்துவிட்டார்.

முடிவில் சிக்கல் இல்லை. எந்தச் சபையில் என்பதில்தான் சிக்கல்.

ஆர்.சி. கோயிலில் ஒரு வருஷம் ஞான உபதேசம் படிக்கச் சொன்னார்கள். சி.எஸ்.ஐ. சபைப் போதகர் ஐயா, மூன்று மாதம் ஆராதனைக்கு வாருங்கள், பிறகு பேசலாம் என்றார். பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஜெபசிங், அடுத்த வாரமே தண்ணீரில் முழுக்கு ஞானஸ்நானம் என்றார். அழகுராஜாவின் மனசு அங்கேதான் சாய்ந்தது. மிஷின் உருளையில் விரல் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பத்து நாளும் சோறு கொண்டுவந்து ஜெபம் பண்ணியது அந்தச் சபை. அதை மறந்தால் மனுஷனா?

ஆனால் அந்தச் சபையில் பெண்கள் நகை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மனைவி ஆவுடைத்தாய் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

“நீங்க எங்க போய்க் கும்பிட்டாலும் கூட வாரேன். பூவையும் தாலியையும் கழட்டச் சொன்னாகன்னா, நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”

தனியாகப் போய் உட்காரவா முப்பது வருஷம் குடும்பம் நடத்தினார்?

இந்த யோசனையிலேயே கை தவறியது. சீசன் அவசரத்தில் பைண்டிங் மேசையில் கை கொடுத்தவர், ஆர்.சி. கோயிலின் தேதிக் கட்டுகளைப் பெந்தெகொஸ்தே அட்டையில் வைத்து ஐந்நூறு காலண்டர் தைத்துவிட்டார். மாதா திருநாளும் அந்தோணியார் திருநாளும் போட்ட காலண்டரோடு பாஸ்டர் வந்து நின்றார்.

தப்பு தன்னுடையதுதான், வேறு தைத்துத் தருகிறேன் என்று அழகுராஜா ஒப்புக்கொண்டார். இருவரும் உட்கார்ந்து தாளைப் புரட்டினார்கள். பாஸ்டர் வசனத்தை ஒவ்வொன்றாகப் படித்துத் தலையாட்டினார்.

“வசனத்துல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. திருநாள்தான் நம்மது இல்ல.”

“இருபத்தாறு வருசமா நான் பாக்கறதும் அதுதான், பாஸ்டர். அட்டைதான் வேற வேற.” அழகுராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீங்க சோறு போட்டது சாகுற மட்டும் மறக்காது. ஆனா நான் சி.எஸ்.ஐ.க்குப் போறேன். அங்கன பூவுக்கும் தாலிக்கும் தடை இல்ல, அவளும் வருவா.”

“முழுகாம எடுக்கறது ஞானஸ்நானமா அண்ணாச்சி?”

“தண்ணி கொஞ்சமா இருந்தா என்ன, நனையப்போறது நான்தான?”

பாஸ்டருக்கு அது ஒப்பவில்லை. ஆனாலும் சிரித்துவிட்டார். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போனார்.

மூன்று மாதம் கழித்து ஞானஸ்நானம். அன்றைக்கு வந்தால் போதும் என்றிருந்த ஆவுடைத்தாய், முதல் தடவையாகத் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே ஓர் அம்மா அவள் கையைப் பிடித்து இடப்பக்கம் கூட்டிப்போனாள். பெண்கள் அந்தப் பக்கமாம், ஆண்கள் இந்தப் பக்கமாம். மூன்று மாதமாக ஆண்கள் வரிசையிலேயே உட்கார்ந்திருந்த மனிதருக்கு, இங்கேயும் தனித்தனியாகத்தான் உட்கார வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பிப் பார்த்தார். நடைபாதைக்கு அந்தப் பக்கம் முதல் வரிசையில் மல்லிகைச் சரம். ஆவுடைத்தாய் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.