காலியாக விட்ட கட்டமும் வாத்து முட்டைகளும்

எங்கள் பட்டறையில் அவருக்குப் பெயர் ரெண்டு கம்பி அக்கா. முட்டை பொரிக்கும் பெட்டிகளுக்கான கட்டுப்பாட்டுப் பலகையை நாங்கள் செய்கிறோம். வெப்பம் அளக்கும் சிப், ஈரம் அளக்கும் சிப், எண் காட்டும் சின்னத் திரை எல்லாமே அந்தப் பலகையில் இரண்டே கம்பிகளில் தொங்குகின்றன. ஒரு கம்பி தாளம் போடும். மற்றதில் செய்தி போகும், வரும். தொழிலில் இதற்குப் பஸ் என்று பெயர். அந்தப் பஸ்ஸுக்கும் பலகையில் இருக்கும் குட்டிக் கணினியின் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று இரண்டு பக்கத்துப் பேச்சையும் புரியவைக்கிற மென்பொருள்தான் டிரைவர். அதை எழுதுவது அக்காவின் வேலை.

அவர் கணவர் ரொட்டிக் கடைக்கு வேன் ஓட்டுகிறவர். வீட்டில் இரண்டு டிரைவர், ஒரு பஸ், ஆனால் டிக்கெட் கொடுக்கத்தான் ஆளில்லை என்று யாரைப் பார்த்தாலும் சொல்வார். அக்கா சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். கணவர் சொல்வதை நிறுத்தவில்லை.

அக்கா எங்களிடம் வந்தது பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலைக்கு. அதற்கு முன் டிவி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் அதே வேலை. சுத்தமாகப் பற்றவைத்த பலகை ஒன்று ஏன் பேசமாட்டேன் என்கிறது என்று கேட்கப்போய், மென்பொருளுக்குள் இறங்கிவிட்டார். நாங்கள் பயன்படுத்தும் இயங்குதளம் யாரும் படிக்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம் என்று திறந்து வைக்கப்பட்டது. அதன் வரிகளுக்கு இடையே, இதை இப்படிச் செய்ததற்குக் காரணம் இது, இங்கே அவசரப்படாதே என்றெல்லாம் முன்னால் எழுதியவர்கள் குறிப்பு விட்டிருப்பார்கள். அவற்றைப் படித்துத்தான் அக்கா கற்றார். முதன்முதலில் அவர் அனுப்பிய திருத்தம், முகம் தெரியாத பலரிடமிருந்து குறைகளோடு திரும்பத் திரும்ப வந்தது. கோபம் வரவில்லையா என்று கேட்டதற்கு, "சம்பளமில்லாம உக்காந்து என் தப்பைப் படிக்கிறாங்களே, அவங்க மேல எப்படிக் கோபம் வரும்?" என்றார்.

பழைய ஈரச் சிப் சந்தையில் கிடைக்காமல் போனபோது புதியதற்கு ஏற்றபடி பஸ்ஸின் டிரைவரை அக்காதான் எழுதினார். இயங்குதளம் இதற்கு ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. அனுப்புவது எப்படி, வாங்குவது எப்படி, உன்னால் எதெல்லாம் முடியும் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். நாம் நிரப்பி வைத்தால், தேவைப்படும்போது அது நம்மைக் கூப்பிட்டுக்கொள்ளும். சில கட்டங்கள் கட்டாயம், சில விருப்பம். அக்கா கட்டாயமானவற்றையெல்லாம் நிரப்பினார். மேசையில் வைத்து வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு சிணுங்கல்கூட இல்லை. முதல் பெட்டி ஒரு வாத்துப் பண்ணைக்குப் போனது.

பண்ணை நடத்துவது தனியாக இருக்கும் ஓர் அம்மா. பெட்டியில் முட்டைகளை அடுக்கிய சில நாட்களில் நாய்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்து, இருந்த வாத்துகளையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டன. அவர் இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த இனத்தில் மிச்சம் பெட்டிக்குள் இருந்த முட்டைகள் மட்டும்தான்.

அவரிடமிருந்து ஒரு நாள் மதியம் பட்டறைக்குப் போன் வந்தது. மூடியைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டதாம். திரையில் எண் மட்டும் இம்மியும் அசையவில்லையாம். ஒரு முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையில் வைத்துப் பார்த்திருக்கிறார். பண்ணைக்காரர்கள் சூடு பார்க்கும் வழி அது. இமை சுட்டது. உடனே பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து வைத்து ஆறவிட்டுவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"மறுபடி போட்டா சரியாத்தான் ஓடுது. ஆனா எப்ப நிக்கும்னு தெரியலையேம்மா. நான் தூங்காம உக்காந்து பாக்கறேன், அது ஒண்ணுமில்ல. ஒரு தடவை கண்ணசந்தா போச்சு."

ரொட்டி இறக்கிவிட்டு வந்த வேனிலேயே அக்கா கிளம்பினார். போகும் வழியெல்லாம் தான் டிக்கெட் பேச்சையே எடுக்கவில்லை என்று கணவர் பிறகு சொன்னார்.

பெட்டி இருந்தது தீவன மூட்டைகளுக்கு நடுவே, ஜன்னலில்லாத ஒரு பக்க அறையில். அக்கா மடிக்கணினியை ஒரு மூட்டைமேல் வைத்து எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. விளக்கு ஒரு கணம் மங்கியது. எண் அப்படியே நின்றுவிட்டது.

மீட்டரை எடுத்துச் செய்திக் கம்பியில் வைத்தார். கம்பியின் மின்னழுத்தத்தை யாரோ கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யாரென்று அவருக்கு உடனே விளங்கியது. புதிய ஈரச் சிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது மோட்டார் கிளம்பிய அதிர்ச்சியில் ஒரு தாளத்தைத் தவறவிட்டிருக்கிறது. கேள்வி கேட்ட கணினி, பேச்சு முடிந்தது என்று போய்விட்டது. சிப்போ, இன்னும் ஒரு தாளம் வரும், கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டுக் கம்பியை விடலாம் என்று காத்திருக்கிறது. அது விடாதவரை வெப்பச் சிப்பும் வாய் திறக்க முடியாது. கடைசியாக வந்த எண் இலக்குக்கு ஒரு மயிரிழை குறைவு. அதை நம்பிப் பெட்டிக்குள் இருக்கும் சூடேற்றி எரிந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு மருந்து உண்டு. கேள்வி எதுவும் கேட்காமல் வெறும் தாளத்தை மட்டும் ஒன்பது முறைவரை போட்டால், சிப் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துக் கம்பியை விட்டுவிடும். அந்த மருந்தை வைக்க அட்டவணையில் ஒரு கட்டமே இருக்கிறது. மீட்பு என்று அதற்குப் பெயர். விருப்பம் என்று போட்டிருந்ததால் அக்கா காலியாக விட்டிருந்தார். மேசையில் தண்ணீர் மோட்டார் ஏது? அது தேவைப்பட்டதே இல்லை.

"தப்பு என்னுதும்மா. ஒரு இடத்தை நிரப்பாம விட்டுட்டேன்" என்றார் அக்கா.

"தப்பு யாருதுன்னு அப்புறம் பேசிக்கலாம். இப்ப நிரப்ப முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"அப்ப நிரப்பு. நான் டீ போடறேன்."

மோட்டாரைப் போடாமல் இருந்துவிடலாம் என்றால், அந்தத் தெருவுக்கே தண்ணீர் அதிலிருந்துதான். அக்கா கட்டத்தை நிரப்பினார். அதோடு, வெப்பம் படிக்க முடியாவிட்டால் பழைய எண்ணைக் காட்டிக்கொண்டிருக்காமல், படிக்க முடியவில்லை என்று சொல்லிச் சூடேற்றியை அணைக்கும்படியும் மாற்றினார். புதியதைப் பலகையில் ஏற்றும்வரை பண்ணைக்கார அம்மா முட்டைகளைத் துண்டால் போர்த்தி, மேலே கையை வைத்துக்கொண்டே நின்றார். பிறகு அக்காவின் கணவரை மோட்டார் சுவிட்சுக்கு அனுப்பினார்கள். போடு, நிறுத்து, போடு, நிறுத்து. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தண்ணீர் விடுகிறீர்களா விளையாடுகிறீர்களா என்று சண்டைக்கு நின்றார். ஒவ்வொரு முறையும் எண் ஒரு நொடி தயங்கிவிட்டு நகர்ந்தது.

அதன்பின் அறைக் கதவைச் சாத்தி, ஒவ்வொரு முட்டையாக டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். சில முட்டைகளில் அசைவில்லை. அந்த அம்மா அவற்றை ஒரு கூடையில் ஒதுக்கினார். மற்றவற்றில் ரத்தக் குழாய்கள் தெரிந்தன. உள்ளே ஏதோ திரும்பிப் படுத்தது. கூடையில் இருந்தவை குறைவுதான். ஆனாலும் அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதையே பாக்காத. உள்ள அசையறதைப் பாரு" என்று அந்த அம்மா டார்ச்சை அவர் கையில் கொடுத்தார்.

பட்டறைக்குத் திரும்பியதும் அக்கா முதலில் செய்த காரியம், அந்த மீட்புக் கட்டத்தை அட்டவணையில் சேர்த்தது யார் என்று தேடியது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். பல வருஷங்களுக்கு முன் வேறு ஏதோ கருவிக்காக ஒருவர் அதைச் சேர்த்திருந்தார். தனக்கு வேண்டியதை மட்டும் செய்துவிட்டுப் போயிருக்கலாம். எல்லாருக்கும் வரக்கூடிய தொல்லை இது என்று நினைத்து, பொதுவில் ஒரு இடம் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். "எனக்குன்னு இலை போட்டு வெச்சிருக்காங்க. நான்தான் உக்காரல" என்றார் அக்கா. அந்த ஆளுக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுதினார். பதில் வரவில்லை. முகவரி பழையதாக இருக்கலாம். அக்கா அதோடு விடவில்லை. விருப்பம் என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில், மோட்டார் ஓடும் இடத்தில் இதைக் காலியாக விடாதீர்கள் என்று ஒரு குறிப்பு எழுதி, திருத்தமாக அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். இனி படிக்க வருகிறவர்களுக்கு அது அங்கே இருக்கும்.

பிறகு ஒரு நாள் காலை, எல்லாரும் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பண்ணையிலிருந்து போன். அந்த அம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"போனைப் பெட்டிகிட்ட வெக்கறேன். சும்மா கேளு."

அக்கா ஸ்பீக்கரில் போட்டார். முதலில் விசிறியின் இரைச்சல்தான் வந்தது. அதற்கு அடியில், ஓட்டைக் கொத்துகிற சன்னமான டக், டக். அப்புறம் ஒரு கீச்சு. அதற்குப் பதில்போல இன்னொன்று. பட்டறையில் யாரோ எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்கள்.

"ஏம்மா, கேக்குதா? பேசவே காணோம்."

"கேட்டுட்டிருக்கேம்மா" என்றார் அக்கா. "எடுத்துடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருங்க."