கிரிவலம் போன வீட்டுச் சாமான்

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. ஓர் ஆவணி மாதப் பௌர்ணமி, சாயங்கால நேரம். இடம், திருவண்ணாமலையில் செங்கம் சாலைக்குத் திரும்பும் முனையில் போலீஸ் போட்டிருந்த தடுப்பு. அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம், எங்கள் முதல் லோடோடு நானும் என் கணவரும் முழித்துக்கொண்டு நின்றோம்.

என் கணவர் பல வருடங்கள் ஒரு லாரி கம்பெனியில் டிரைவராக இருந்தவர். ஊர் ஊராகப் போவார். பொங்கலுக்குக்கூட வீட்டில் இருக்க மாட்டார். போதும், இனி நம்ம வண்டி, நம்ம ஊர் என்று முடிவு செய்து, பழைய குட்டியானை ஒன்றை வாங்கினோம். எங்கள் பக்கம் சின்ன லோடு வண்டிக்கு அதுதான் பெயர். அவர் ஓட்டுவார். போன் எடுப்பது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விளம்பரம் போடுவது, லோடு பேசி முடிப்பது எல்லாம் என் பொறுப்பு. கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லாததால், சாமான் ஏற்றி இறக்குவதிலும் பாதி நான்தான்.

சொந்தக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் பயமுறுத்தினார்கள். "கம்பெனின்னா ஏதாச்சும் ஒண்ணு ஆனா பார்த்துக்க ஆள் இருக்கும். சொந்தமா பண்ணா நடுரோட்ல தனியாத்தான் நிக்கணும்" என்றார் என் அண்ணன். வண்டிக்குப் பூஜை போட்ட பிறகு ரொம்ப நாள் போனே வரவில்லை. அண்ணன் சொன்னது பலித்துவிடும் போலிருக்கிறதே என்று பயந்தேன்.

அப்போது வந்ததுதான் அந்த அழைப்பு. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண். நர்ஸ். செங்கம் சாலையில், ஆசிரமம் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்து, அங்கேயே வாடகை வீடு பார்த்திருந்தாள். கணவருக்கு ஓசூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. "பௌர்ணமி அன்னிக்கே குடி போயிடணும்க்கா. அத விட்டா நல்ல நாள் இல்ல, அப்புறம் புரட்டாசி வந்துடும். விளக்கு வைக்கிற நேரத்துல பால் காய்ச்சணும்னு அம்மா சொல்றாங்க" என்றாள்.

பௌர்ணமி என்றதும் இந்த ஊர்க்காரி எவளாக இருந்தாலும் யோசித்திருப்பாள். கிரிவலம் சுற்றும் பாதையில் அன்றைக்கு வண்டி விடமாட்டார்கள். ஆனால் எனக்கு வந்ததோ முதல் லோடு. மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

கணக்கைக் கெடுத்தது பீரோ. பழைய வீட்டின் வாசல்படி குறுகல். பீரோ உள்ளே எப்படிப் போயிற்று என்று யாருக்கும் நினைவில்லை. வெளியே மட்டும் வரவில்லை. கதவைக் கழற்றி, நிலையைச் சுரண்டி, என் கணவர் அதை வெளியே கொண்டுவருவதற்குள் மத்தியானம் போயே போய்விட்டது. வண்டி டவுனுக்குள் நுழையும்போதே ரோடு முழுக்கத் தலைகள். செங்கம் சாலை முனையில் தடுப்பு. அங்கே நின்ற பெண் போலீஸ் கையை நீட்டி நிறுத்திவிட்டார்.

என் கணவர் கெஞ்சிப் பார்த்தார். "மேடம், கொஞ்ச தூரம்தான். ஆசிரமம் தாண்டினா வீடு வந்துடும்."

"ஜனத்தப் பாருங்கண்ணா. இதுக்குள்ள எப்படி வண்டிய விடுறது?"

"பைபாஸ் சுத்தி அந்தப் பக்கமா வரட்டுமா?"

"அங்கயும் மூடியாச்சு. ஜனம் கம்மியானாத்தான். அதுக்குக் காலை ஆயிடும்."

அவர் மீது தப்பே இல்லை. எங்கள் கண் முன்னால் ஆறு மாதிரி ஜனம் போய்க்கொண்டிருந்தது. கைக்குழந்தை, வயசானவர்கள் எல்லாரும் வெறுங்காலோடு. அதற்குள் வண்டியை விடச் சொல்வதே பாவம்.

நர்ஸ் பெண் எங்களோடு வண்டியிலேயே வந்திருந்தாள். அவளுடைய அம்மா காலையிலேயே பஸ்ஸில் வந்து, புது வீட்டில் பாலோடு காத்திருந்தார். அடுப்பு எங்கள் வண்டியில். கூட்டத்தில் போன் லைனே கிடைக்கவில்லை. ஒருமுறை கிடைத்தபோது, அந்தம்மா கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "பால் இங்க இருக்குது, அடுப்பு எங்கடி? இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

அவ்வளவுதான், அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். என் கணவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் கூட்டத்திலிருந்து ஒரு தெலுங்கு அம்மா விலகி வந்தார். நல்ல உயரம், வாட்டசாட்டமான உடம்பு. பின்னாலேயே ஒரே சாயலில் ஒரு பெரிய குடும்பம். அழுகிற பெண்ணைப் பார்த்துவிட்டு, "ஏமைந்தம்மா?" என்று கேட்டார். நான் கையையும் காலையும் ஆட்டி, வீடு, பால், அடுப்பு, போலீஸ் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டி, "இவ்வண்டி" என்றார்.

நான், "ஆமாங்க, இந்த வண்டிதான். எங்க வண்டிதான்" என்றேன்.

"இவ்வண்டி, இவ்வண்டி!"

"அதாங்க சொல்றேன், இதே வண்டிதான்!"

பெண் போலீஸ் சத்தமாகச் சிரித்துவிட்டார். "அக்கா, அவங்க வண்டியக் கேக்கல. தெலுங்குல 'குடுங்க'ன்னு அர்த்தம். சாமானக் கையில குடுங்கன்னு கேக்குறாங்க. அவங்களும் அந்தப் பக்கம்தானே நடந்து போறாங்க!"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைத் தனியாக இழுத்தார். "அறிவிருக்கா உனக்கு? யார் எவர்னு தெரியாது. இந்தக் கூட்டத்துல போனா யாரைப் போய்த் தேடுவ? முதல் லோடே காணாமப் போச்சுன்னு ஊர் சிரிக்கும்."

அவர் சொன்னது நியாயம்தான். முடிவெடுத்தது அந்த நர்ஸ் பெண். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, விளக்கைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்பை எடுத்து அந்தத் தெலுங்கு அம்மாவின் கையில் கொடுத்தாள். "அக்கா, மத்ததையும் எடுங்க" என்றாள்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். நான் வண்டிமேல் ஏறி நின்றுகொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, கைகள் நீண்டுகொண்டே இருந்தன. தெலுங்குக் குடும்பத்தைப் பார்த்து மற்றவர்களும் வந்துவிட்டார்கள். குடம், முறம், மிக்சி, தலையணை, சாமி படம், அரிசி டப்பா. சின்ன சிலிண்டரை இரண்டு காலேஜ் பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். துடைப்பத்தைக் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர், "அதையும் குடும்மா, அது இல்லாம வீடா?" என்று வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். பீரோ, கட்டில், பிரிட்ஜ் மட்டும் மிஞ்சின. அவற்றுக்குக் காவலாக என் கணவர் நின்றுகொண்டார். 'எல்லாம் உன் தலையில்' என்பது போல என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

முன்னால் விளக்கோடு அந்தப் பெண், பின்னால் பால் காய்ச்சும் பாத்திரத்தோடு நான், எங்களுக்குப் பின்னால் ஒரு வீடே நடந்து வந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று யாரோ குரல் கொடுக்க, சாமான்களும் சேர்ந்து அரோகரா போட்டது போல இருந்தது. வழியில் ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "இது இன்னா வேண்டுதல்மா? சொந்த வீடு அமையணும்னா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் கையிலிருந்த பாத்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்காலி தூக்கி வந்தவர், கால் வலித்தபோது ரோட்டோரம் அதைப் போட்டு உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

சிரித்தாலும் எனக்குள் பயம் போகவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். குடம் தெரிகிறதா, மிக்சி வருகிறதா என்று கண் தேடிக்கொண்டே இருந்தது.

ஆசிரமம் தாண்டி சந்துக்குள் திரும்பினோம். தெருமுனையிலேயே நர்ஸ் பெண்ணின் அம்மா பால் தூக்கோடு நின்றிருந்தார். ஒரு லோடு வண்டியை எதிர்பார்த்து நின்றவர், ஓர் ஊர்வலத்தைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டார். மகளைத் திட்டத் தயாராக வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ, "எல்லாரும் உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

விளக்கு ஏற்றினோம். அடுப்பை வைத்து, சிலிண்டரை மாட்டி, பாலை ஏற்றினோம். அந்தச் சின்ன வீடு கொள்ளாமல் வாசல்வரை ஜனம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பாத்திரத்தையே பார்த்தார்கள். பால் மெல்ல எழும்பி, விளிம்பைத் தாண்டி வழிந்தது. "பாலு பொங்கிந்தி!" என்று அந்தத் தெலுங்கு அம்மா கத்த, வெளியே இருந்தவர்கள் அரோகரா என்றார்கள். ஆளுக்கு ஒரு வாய்தான் வந்தது. அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவிவிட்டு, எங்கள் யாருடைய பெயரையும் கேட்காமல், அவர்கள் மறுபடி கூட்டத்தோடு கலந்துவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு சாமான்களைச் சரிபார்த்தோம். கரண்டிகூட வந்திருந்தது. சுவர்க் கடிகாரம் மட்டும் இல்லை.

எனக்கு முகம் செத்துவிட்டது. அந்தப் பெண்ணின் கணவர் முதல் சம்பளத்தில் வாங்கியதாம். "பரவால்லக்கா, விடுங்க" என்றாள். ஆனால் வெற்றுச் சுவரை அவள் ஒரு முறை பார்த்ததை நான் பார்த்துவிட்டேன். அன்று ராத்திரி அவர்களோடு அங்கேயே படுத்தேன்; தூக்கம் வரவில்லை.

விடிந்து கூட்டம் வடிந்ததும் என் கணவர் பீரோவோடு வந்து சேர்ந்தார். இறங்கும்போதே ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு இறங்கினார். கையில் கடிகாரம். முந்தின நாள் கூட்டத்தில் அதை வாங்கித் தூக்கிக்கொண்டு நடந்த ஓர் ஆள், சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே தன்னை மறந்து, இந்தச் சந்துக்குள் திரும்பாமல் நேராகப் போய்விட்டாராம். கிரிவலத்தில் பாதியில் திரும்பக்கூடாதே! முழு மலையையும் சுற்றி முடித்து, விடியற்காலையில் வண்டியைத் தேடி வந்து, தூங்கிக்கொண்டிருந்த என் கணவரைத் தட்டி எழுப்பியிருக்கிறார்.

"மன்னிச்சிடுங்க, லேட்டாயிடுச்சு" என்றாராம். "ஆனா வழியெல்லாம் என்னைத்தான் எல்லாரும் டைம் கேட்டாங்க!"

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் அவளுடைய அம்மாவும் சேர்ந்துகொண்டார். என் கணவர் சுவரில் ஆணி அடித்து, கடிகாரத்தை அவரே மாட்டினார்.

அதற்குப் பிறகு அந்தக் கிளினிக்கில் வேலை செய்பவர்கள், அந்தச் சந்தில் இருப்பவர்கள் என்று ஒருவர் சொல்லி ஒருவர் கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு எங்கள் வண்டி வீட்டில் சும்மா நிற்கும் நாட்கள் குறைவு. பௌர்ணமிக்கு மட்டும் லோடு எடுப்பதில்லை. நாங்களும் நடக்கப் போய்விடுகிறோம்.

ஆனால் நான் அந்த நாளை மறக்காததற்குக் காரணம் தொழில் வளர்ந்தது இல்லை. முன்பின் தெரியாதவர் கையில் ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. எங்களைக் கூப்பிடுகிற ஒவ்வொருவரும் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் நாங்கள்தான். அதனால்தான் இப்போதும் யாராவது ஒரு பொருளை என்னிடம் நீட்டிவிட்டு, உடனே விட மனமில்லாமல் ஒரு நொடி பிடித்துக்கொண்டு நின்றால், நான் அதை இழுப்பதில்லை; அவர்களாகவே விடும்வரை கையை நீட்டியபடி காத்திருக்கிறேன்.