செவ்வாய், வெள்ளி விரதம் இருந்த கார்

வல்லம் வடகால் பலராமன் பாதி ஆயுசை லாரியில் ஓட்டினவன். லாரி ஸ்ரீபெரும்புதூர் நரசிம்மன் முதலாளியுடையது. ஏற்றுகிற சரக்கு எதுவானாலும் இறக்குகிற இடம் தூரமாகத்தான் இருக்கும். நாக்பூர், இந்தூர், சில தடவை கல்கத்தா. போனால் ஒரு மாசத்துக்குத் திரும்ப மாட்டான். மகள் லீலா பிறந்தபோது நாக்பூரில் டயர் மாற்றிக்கொண்டிருந்தான். அவளுக்குக் காது குத்தினபோது ஏதோ ஒரு செக்போஸ்ட்டில் வரிசையில் நின்றான். கல்யாணத்துக்கு மட்டும் அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தான், அதுவும் லுங்கியோடு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அவனைச் சமையல்காரன் என்று நினைத்து, சாம்பார் இன்னும் வரவில்லையே என்று கேட்டார்கள். அவனும் பேசாமல் போய் வாளியை எடுத்துவந்து பந்தி முழுக்க ஊற்றினான்.

இதை அவன் பெண்டாட்டி பாஞ்சாலி சிரித்துச் சிரித்துத்தான் எல்லாரிடமும் சொல்லுவாள். ஆனால் லீலா புருஷன் வீட்டுக்குப் போனபிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். ஒரு தடவை அவன் லாரிக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"நீ திரும்பி வர்றதுக்குள்ள எனக்கு ஏதாவது ஆச்சின்னா, உனக்கு ஆள் அனுப்பணுமே. எந்த ஊருக்குன்னு அனுப்புவாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள். அந்த நடை முழுக்க, போகும்போதும் வரும்போதும், பலராமனுக்கு அதே கேள்விதான் காதில் ஓடியது. வந்து இறங்கினதும் முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் தை மாசம் பாங்கில் லோன் போட்டு ஒரு புதுக் கார் எடுத்தான். வெள்ளை வண்டி. படப்பை கார் ஸ்டாண்டில் வாடகைக்குப் போட்டால், எந்தச் சவாரி வந்தாலும் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம். அவன் போட்ட கணக்கு அவ்வளவுதான். பணக்காரன் ஆகிற யோசனை எல்லாம் அவனுக்குக் கிடையாது.

வண்டி வந்த அன்று பாஞ்சாலிக்கு ஒவ்வொன்றாகக் காட்டினான். உள்ளே ஒரு பிடி இருக்கிறது, அதை இழுத்தால் முன்பக்க பானட் திறந்துகொள்ளும் என்று இழுத்தும் காட்டினான். அவள் எட்டிப் பார்த்து, "இதான் தலையா?" என்றாள். "ஆமா, எல்லாம் இங்கதான் கீது" என்றான் பெருமையாக. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஒரு வாரம் கூட ஆகவில்லை. பாஞ்சாலியை ஏற்றிக்கொண்டு படப்பைக்கு மளிகை வாங்கப் போனபோது, பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே வண்டி நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளினார்கள். பக்கத்து ஷெட்டு மெக்கானிக் ஜோயல் வந்து பார்த்தான். கம்பெனியிலேயே சரியாக முறுக்காமல் விட்ட ஒயர் ஒன்று கழன்றிருந்தது. அவன் அதை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். பலராமனுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது.

பாஞ்சாலிக்கு முடியவில்லை. ஸ்டாண்டில் பக்கத்துக் கார் ஓட்டுகிற நாகப்பன் அன்று காலையில்தான் பெயிண்ட்டைத் தடவிப் பார்த்து, இன்னா பளபளப்பு, கண்ணு கூசுதுபா என்று சொல்லியிருந்தான். நல்ல மனுஷன், மனசில் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் சொல்லிவிட்டானே. அவள் காதில் விழுந்தும்விட்டதே. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து பம்பரில் கட்டினாள். அதற்குப் பிறகும் ஒரு நாள் கதவு சாத்தவில்லை, இன்னொரு நாள் ஹாரன் தானாக அலறியது. புது வண்டிக்கு இப்படிச் சில்லறைத் தொல்லை வரும், போகும்.

பெரிய தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி இருமும், முக்கும், செத்துப்போகும். அப்படியே பிடித்தாலும் உதறிக்கொண்டே ஓடி, ஒரகடம் கூட்ரோடு வருவதற்குள் நின்றுவிடும். எல்லா நாளும் அப்படி இல்லை. நேற்று ஓடினது இன்று ஓடாது. ஜோயல் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர வெயில் ஏறிவிடும். அவன் வந்து சாவியைத் தொட்டால் வண்டி ஒரே திருப்பில் பூ மாதிரி கிளம்பும். பிளக் மாற்றினான். நெருப்புக் கொடுக்கிற காயிலையும் மாற்றினான். ஒரு தடவை ஒயர்களுக்கு நடுவில் கிடந்த வேப்பிலையை எடுத்து எறிந்தான். வண்டி நிற்பது வேப்ப மரத்தடியில், இலை விழாமல் இருக்குமா என்று இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மெட்ராஸில் வாங்கின இடத்தில் கொண்டுபோய் விட்டால் வைத்திருந்து பார்த்துவிட்டு, வண்டியில் ஒன்றும் இல்லை, ஓட்டுகிறவர் புதுசோ என்று கேட்டார்கள். கல்கத்தா வரை லாரி ஓட்டினவனை அப்படிக் கேட்டார்கள்.

ஒரகடம் பக்கம் கம்பெனி கட்ட இடம் பார்க்க வந்த ஆபீசர் ஒருவர், செவ்வாய்க்கிழமைதோறும் வா என்று வாடிக்கையாகப் பிடித்திருந்தார். நடுரோட்டில் அவரை வெயிலில் நிற்கவைத்தபிறகு, அவர் நாகப்பன் காருக்கு மாறிவிட்டார். வெள்ளிக்கிழமை முகூர்த்தச் சவாரி ஒன்றும் அப்படியே போயிற்று.

ஸ்டாண்டில் சும்மா இருப்பார்களா. உன் வண்டி செவ்வாய், வெள்ளி விரதம் இருக்குதுபா, அன்னைக்குப் பெட்ரோல் ஊத்தாத, பால் பழம் குடு என்றான் நாகப்பன். எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் பலராமன் சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னான். பாஞ்சாலி சிரிக்கவில்லை. செவ்வாய், வெள்ளியா, நல்லா யோசிச்சிச் சொல்லு என்று இரண்டு தடவை கேட்டாள். அம்மனுக்கு உகந்த நாளிலேயே வண்டி நிற்கிறது என்றால் பட்ட கண்ணு சாதாரணக் கண்ணு இல்லை என்று அவள் முடிவு கட்டினது அவனுக்குத் தெரியாது.

மேலுக்கு அவள் வண்டியை ஏசிக்கொண்டுதான் இருந்தாள். அவன் வீட்டுக்கு வந்ததும் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பான்.

"சக்களத்தி கூப்பிடறாளா?" என்பாள். "போ, போ. லாரில போனப்பவாவது எனக்கு ஒரு பொம்பளையாண்ட போட்டி இல்ல."

பங்குனியில் நரசிம்மன் முதலாளி சொல்லியனுப்பினார். புது லாரி எடுத்திருக்கிறார், இந்தூருக்கு லோடு இருக்கிறது, பழைய ஆள் வந்தால் நிம்மதி. பலராமன் ஒரு நாள் பூரா யோசித்தான். பாங்குக்காரன் யோசிக்க விடமாட்டான். வர்ற வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறேன் என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தான். காரை யாருக்காவது விலை பேசி விற்றுக்கொடு என்று நாகப்பனிடம் சொன்னான். வீட்டில் சொன்னபோது பாஞ்சாலி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். போதும் என்று அவன் கை காட்டினதையும் பார்க்காமல் ஊற்றினாள்.

பலராமன் தூக்கம் ஊரறிந்தது. லாரியில் சேர்த்துவைத்த தூக்கத்தை எல்லாம் வீட்டில்தான் தூங்குவான். வெயில் மூஞ்சியில் அடித்தால்தான் எழுந்திருப்பான். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் விடிகிற நேரத்திலேயே விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் பாய் காலி. வெளியே தண்ணீர் சலசலக்கிற சத்தம்.

எழுந்து போய்ப் பார்த்தான். வேப்ப மரத்தடியில் கார் பானட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. பாஞ்சாலி தலையை அள்ளி முடிந்துகொண்டு, பக்கெட்டிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு இஞ்சின் மேல் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட தண்ணீர். ஊற்றிக்கொண்டே தாழ்ந்த குரலில் வண்டியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் ஒழுங்கா ஓடிடுடி. அந்தாள லாரிக்கு அனுப்பிடாத. உனக்கு இன்னா வேணுமோ நான் செய்யறேன்."

பலராமனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இஞ்சினுக்கு நெருப்பு பிரித்துக் கொடுக்கிற மூடி அங்கேதான் இருக்கிறது. அதற்குள் ஈரம் போனால் எந்த வண்டி கிளம்பும்? வெயில் ஏறிக் காய்ந்தால் எந்த வண்டி கிளம்பாது? பிளக், காயில், ஆபீசர், முகூர்த்தச் சவாரி, ஓட்டுகிறவர் புதுசோ என்று கேட்ட கேள்வி, எல்லாம் தொண்டைக்கு வந்தது. லாரிக்காரன் வாய். திறந்தால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. திறந்தும்விட்டான்.

அதற்குள் அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் பானட்டின் மேல்பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். லீலா சின்னதாக இருந்தபோது தலை துவட்டினது அவனுக்கு ஞாபகம் இல்லை, அவன்தான் ஊரில் இல்லையே. ஆனால் இப்படித்தான் துவட்டியிருப்பாள் என்று தோன்றியது. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"பாஞ்சாலி."

அவள் திடுக்கிட்டுத் திரும்பி, சொம்பைக் காலால் பக்கெட்டுக்குப் பின்னால் தள்ளினாள்.

"எத்தினி நாளாமே இது?"

"அந்த ஹாரன் தானா கத்தினதுல இருந்து. செவ்வா, வெள்ளி மட்டும்தான்." அவள் நேராகப் பார்க்கவில்லை. "கண்ணு பட்டா தலைக்கு ஊத்தினாதான்யா போவும். மேல தெளிச்சா போவாது."

பலராமன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். குனிந்து அந்த மூடியைக் கழற்றினான். உள்ளே மஞ்சள் தண்ணீர் நின்றது.

"தலைக்கு ஊத்தாதமே" என்றான், துடைத்துக்கொண்டே. "கைக்கொழந்த அது. சளி புடிச்சிக்கும். காலுக்கு ஊத்து, போதும்."

மூடியை மாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. பாஞ்சாலி அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். அது மஞ்சளாக இருந்தது. பக்கெட்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் வண்டி ஓடுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இதனாலயா?"

"சேச்சே. இதுக்கும் அதுக்கும் இன்னா கீது. காயிலு வீக்கு."

"காயிலு போன வாரந்தான மாத்தின?"

"புதுசும் வீக்கா வரும்" என்றான் பலராமன், ஸ்டீரிங்கைப் பார்த்தபடி.

அவள் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே என்று கேட்டான். உன் மொதலாளியாண்ட என்றாள்.

ஸ்ரீபெரும்புதூர் வரை வண்டி ஒரு இடத்தில் கூட உதறவில்லை. ஷெட்டில் புது லாரி லோடு ஏற்றி மாலை போட்டு நின்றது. நரசிம்மன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பலராமன் இறங்கிப்போய் எதிரே நின்றான். சொன்ன சொல்லை அவரிடம் அவன் மாற்றினதே கிடையாது. பிடரியைச் சொறிந்தான். பை எங்கேடா என்று அவர் கேட்டார். அதற்கும் சொறிந்தான்.

பாஞ்சாலி இறங்கி வந்தாள்.

"அவரு வரமாட்டாருண்ணா."

"இன்னாமா, காரு ஓடவே மாட்டேங்குதுன்னு இவன்தான சொன்னான்?"

"கார்ல ஒண்ணும் இல்லண்ணா. நான்தான் கண்ணு கழிக்கறேன்னு இஞ்சினுக்குள்ள தண்ணி ஊத்தி ஊத்திக் கெடுத்துக்கினு இருந்தேன். இந்தாளு காலையிலதான் பாத்தாரு. பாத்துட்டும் என்னாண்ட காயிலு வீக்குன்னு பொய் சொல்றாரு."

சொல்லும்போது குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு லாரியின் மாலையைப் பார்த்தாள். பலராமன் தரையைப் பார்த்தான். காயில் என்ன, தண்ணீர் என்ன, அழுகை எதற்கு என்று நரசிம்மனுக்குப் பாதி புரியவில்லை. லோடு ஏற்றின வண்டி நிற்கிறதே என்று பலராமனை நாலு வார்த்தை நன்றாகவே திட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். பிறகு உள்ளே குரல் கொடுத்து, வேறு டிரைவரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கேட்டார். "நெஜமாவே ஓடுதா அது? வாலாஜாபாத்ல எனக்கு ஒரு வேல கீது. கூட்டினு போ. வழியில நின்னுச்சி, நீதான் தள்ளணும்."

முதலாளி வண்டியில் ஏறப்போகிறார் என்றதும் பாஞ்சாலி நகர்ந்துகொண்டாள். நான் பஸ் புடிச்சி வூட்டுக்குப் போறேன், நீ சவாரி முடிச்சிட்டு வா என்றாள். பலராமன் அவளுக்கு முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"ஏறுமே" என்றான். "வாலாஜாபாத் எந்தச் சீமையில கீது? மத்தியானச் சோத்துக்கு வூட்ல இருப்போம்."