நூறு வரை எண்ணச் சொன்னேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டினப்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை கடலை ஒட்டிப் போகும் லூப் ரோட்டில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் மந்தைவெளியில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பத்து மூன்று வயது வரை எடுத்த காரியம் எதையும் நான் முடித்ததில்லை. வீணை கிளாஸ் நாலே மாதம். ஹிந்தி பாதியில் நின்றது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய், மேம்பாலத்தில் வண்டி நின்றுபோன அன்றோடு அதுவும் சரி. எடை மட்டும் எண்பத்தாறு கிலோவுக்கு ஏறியிருந்தது.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோவில் ஒருவர் மனதைப் பழக்குவது பற்றிப் பேசியதைக் கேட்டேன். உடம்பு களைப்பதற்கு ரொம்ப முன்னாலேயே மனசு 'போதும்' என்று சொல்லிவிடுமாம். அது சொன்னதும் நிற்காமல் நூறு வரை எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் அந்த எண்ணம் தானாகப் போய்விடும் என்றார். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்து பார்த்தேன். தெருக்கோடி வரை ஓட முடியாதவள், ஏழே மாதத்தில் ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடினேன். பதினான்கு கிலோ குறைந்தேன். 'ஜனவரியில் பத்து கிலோமீட்டர் ஓடுவேன்' என்று தினமும் எழுந்ததும் ஒரு நோட்டில் எழுதுவேன்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குப் பலித்ததும் ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ண ஆரம்பித்துவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் யாராவது "முடியல" என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எல்லாம் மனசுதான் என்பேன்.

எங்கள் கீழ் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். ஐம்பது வயது. கணவர் இல்லை, மகளை நங்கநல்லூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். பிளவுஸ் தைப்பார். சர்க்கரை வியாதி உண்டு. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று ஒரு நாள் என்னிடம் வந்தார். "என்னையும் கூட்டிக்கினு போறியா டீச்சர்? தனியா போக ஒரு மாதிரியா கீது" என்றார்.

நடக்கச் சொன்னவர் டாக்டர். ஓட வைத்தவள் நான்.

அக்கா நான் சொன்னதையெல்லாம் அப்படியே கேட்டார். நோட்டு வாங்கச் சொன்னேன், வாங்கினார். எழுதச் சொன்னேன், தையல் அளவு எழுதுகிற கையெழுத்தில் 'நான் ஓடுவேன்' என்று பக்கம் பக்கமாக எழுதினார். மூன்று மாதத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓடினார். அவரை நான்தான் உருவாக்கினேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை, "மூணு நாளா மாடி ஏறினாலே மூச்சு வாங்குது டீச்சர். இன்னான்னு தெர்ல" என்றார். கல்யாண சீசன், ராத்திரி பகலாகத் தைக்கிறீர்கள், அதனால்தான் என்றேன். மனசு சாக்கு தேடுகிறது, விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னேன். ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கலங்கரை விளக்கம் வரை நடந்து போய்விட்டு, ஓடித் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் அக்கா வேகம் குறைந்து பின்தங்கினார். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"டீச்சர், தாடை ரெண்டும் இஸ்துக்கினு கீது. செத்த நேரம் குந்திக்கவா?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, உடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனசுதான் நிக்கச் சொல்லுது. நூறு எண்ணுங்க. எண்ணிட்டு அப்புறம் சொல்லுங்க" என்றேன்.

அவர் எண்ண ஆரம்பித்தார், வாய்விட்டு. பின்னால் அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது. நாற்பது, ஐம்பது, அறுபது. அறுபதுக்குக் கொஞ்சம் மேலே எங்கேயோ குரல் நின்றுவிட்டது. மனதுக்குள் எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் ஓடினேன். அன்றைக்கு எனக்கு நல்ல வேகம் கிடைத்திருந்தது. அதை விட மனசில்லை.

பட்டினப்பாக்கம் முனைக்கு வந்து, வாட்ச்சைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். அக்காவைக் காணோம். தூரத்தில் ரோட்டோரம் பத்துப் பேர் கூட்டமாக நின்றார்கள்.

திரும்பி ஓடினேன் பாருங்கள், அந்த ஓட்டத்தில் நான் எதையும் எண்ணவில்லை.

மீன் விற்கிற அம்மா ஒருவர் பலகையை அப்படியே போட்டுவிட்டு வந்து, அக்காவின் தலையை மடியில் வைத்திருந்தார். அக்காவின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. வேர்வையில் புடவையெல்லாம் நனைந்திருந்தது. அந்த அம்மா கூட்டத்தைப் பார்த்து, "இவங்க கூட வந்தவங்க யாரும்மா? ஒத்தையாவா வுட்டுட்டுப் பூட்டாங்க?" என்று கத்தினார்.

நான் பதில் சொல்வதற்கு ஒரு நொடி தாமதித்தேன். ஒரே ஒரு நொடிதான், ஆனால் அது எனக்குத் தெரியும். பிறகுதான் "நான்தான்" என்றேன்.

அந்த அம்மாவே ஒரு ஆட்டோவை மறித்தார். மீன் தண்ணீர் சொட்டும் கையோடு எங்களுடன் ஏறி, ஆஸ்பத்திரி வரை வந்தார். வழி முழுக்க அக்காவின் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார். நான் பின்னால் அவர்களோடு உட்கார முடியாமல் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தேன்.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டார், "எப்பலேர்ந்து இப்படி?"

"இப்பதான் சார். ஓடும்போது திடீர்னு" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் உள்ளே போய்விட்டார். நான் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னால் இரண்டு நிமிடம்கூட அங்கே உட்கார முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நர்ஸ் திட்டினார். "சார், ஒரு வாரமா மூச்சு வாங்குதுன்னு சொன்னாங்க. இன்னிக்கு தாடை வலிக்குதுன்னாங்க. நான்தான் நிக்க விடல" என்றேன். டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு அக்காவிடம் திரும்பிவிட்டார். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலியே இல்லாமல் இப்படித்தான் வரும் என்று பிறகு நர்ஸ்தான் சொன்னார்.

மதியம் அக்காவின் மகள் வந்தாள். அவளிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, என் கையிலிருந்த அக்காவின் செருப்பையும் சாவியையும் வாங்கிக்கொண்டு, "நீங்க கெளம்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா பிழைத்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனால் இதயம் பாதிதான் வேலை செய்கிறது. தையல் மெஷினை மிதிக்கக் கூடாது. மகள் கீழ் வீட்டைக் காலி செய்து, அவரை நங்கநல்லூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். நான் ஜனவரியில் ஓடப் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"எண்ணிக்கினுதான் வந்தேன் டீச்சர். அறுபதுக்கு மேல நம்பரு மறந்துபூச்சு."

என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். அவருடைய மகள் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். நான் வாசலுக்கு வந்துதான் அழுதேன்.

இப்போதும் மாதம் ஒரு தடவை போகிறேன். மகள் காபி கொடுக்கிறாள், பேசுவதில்லை. அது நியாயம்தான். வகுப்பில் பரீட்சை நேரத்தில் எந்தப் பெண்ணாவது வயிறு வலிக்குது என்றால், நிஜமா பொய்யா என்று பார்க்காமல் முதலில் எழுப்பி அனுப்பிவிடுகிறேன். மற்ற டீச்சர்கள் ஏமாறுகிறேன் என்கிறார்கள், ஏமாறிவிட்டுப் போகிறேன். என்னுடைய 'முடியாது' என்பதை நான் நம்பாமல் இருக்கலாம், ஆனால் இன்னொருவர் முடியவில்லை என்றால் அதை அப்படியே நம்ப வேண்டும். இந்த வயதில் அதற்குத்தான் மனதைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழுதாகப் பழகவில்லை.