குருவி வேலை

போன கோடையில் றோரஸ் போய் வந்தேன். மலைமேல் இருக்கிற பழைய செம்புச் சுரங்க நகரம். ஒஸ்லோவிலிருந்து காரில் போனால் பாதி நாள் போய்விடும். ஊர் பார்க்கும் ஆசையில் நான் போகவில்லை — தவம் அண்ணருக்குக் கார் ஓடப் போனேன்.

தவம் அண்ணர் ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். திருகோணமலை ஆள். ஒரு காலத்தில் வடகோடியில் உள்ள ஹம்மர்பெஸ்ட்டில் நானும் அவரும் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டினோம். விரல் மரத்துப்போனால் சுடுதண்ணீரில் வைத்துவிட்டு மறுபடி வெட்டுவோம். எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டதால் இதைவிட நல்ல வேலை கேட்கத் தோன்றவில்லை.

அண்ணர் நிலத்துக்குக் கீழே போகமாட்டார். எங்கள் ரயில் நிலையம் மலையைக் குடைந்து கட்டியது. அதற்குள் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை. நகர நடுவில் இருக்கிற குறொன்லாண்டுக்கு மரக்கறி வாங்கப் போவதென்றாலும் பஸ்தான். யுத்த காலத்தில் அவர் பதுங்கியிருந்த பங்கரின் வாசல் ஷெல் விழுந்து மூடிக்கொண்டதாம். பிறகு தோண்டி எடுத்தார்களாம். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார். நானும் மேலே கேட்டதில்லை.

அவருடைய மகள் அபிரா, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஒருநாள் அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அவருக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, எனக்கு றோரஸிலை குறூவ வேலை கிடைச்சிருக்கு. லீவுக்கு மட்டும். பாக்க வருவீங்களோ?"

குறூவ என்றால் நோர்வேஜிய மொழியில் சுரங்கம். பஸ் இரைச்சலில் அண்ணர் காதில் விழுந்தது... குருவி.

"ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டார். மகள் குருவி ஆராய்ச்சி செய்கிறாள் என்று மரக்கறிக் கடையில் ஒருவர் விடாமல் சொன்னார். தூரத்தில் இருப்பதைப் பார்க்கப் பைனாகுலர் ஒன்றும் வாங்கினார். நானும் நம்பினேன். இந்த நாட்டில் எதற்குத்தான் சம்பளம் இல்லை?

சுரங்கப்பாதைகளுக்குள் போகாத ரோட்டாகத் தேடி, ஆற்றோரமாக ஓடிப் போய்ச் சேர்ந்தோம். அபிரா ஊரைச் சுற்றிக் காட்டினாள். கருஞ்சாயம் பூசிய மரவீடுகள், மேலே வெள்ளைத் தேவாலயம், அதன் பக்கத்தில் செம்பு உருக்கிய கழிவைக் கொட்டிக் கொட்டி உண்டான கறுப்பு மேடுகள். அண்ணர் பைனாகுலரை எடுத்தார்.

"ஒரு மரமும் இல்லை. இதுக்கை என்னெண்டு, பிள்ளை, குருவி நிக்கும்?"

"எந்தக் குருவி?" என்றாள் அபிரா.

விஷயம் வெளியே வந்தது. நான் சிரித்தேன். அபிரா சிரிக்கவில்லை.

"நான் குறூவ எண்டெல்லோ சொன்னனான். நிலத்துக்குக் கீழை ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுற வேலை. நீங்கள் அதுக்கும் ஓம் எண்டு சொன்னாப்போலை... அண்டைக்கு நான் அழுதிட்டன் அப்பா."

அண்ணர் பைனாகுலரைக் கழுத்தில் இருந்து கழற்றினார்.

சுரங்கம் ஊருக்கு வெளியே இருந்தது. சுற்றிப் பார்க்க வந்த எல்லோருக்கும் வாசலில் அபிரா ஹெல்மெட் கொடுத்தாள்.

"ரெண்டாவது வாசல் இருக்கோ?" என்று கேட்டார் அண்ணர். பங்கர் கண்ட ஆள் வேறென்ன கேட்பார்?

"இல்லை அப்பா. போறதும் வாறதும் இதாலைதான்."

"நீங்கள் காருக்குள்ளை இருங்கோ அண்ணை. நான் பாத்திட்டு வந்து சொல்லுறன்" என்றேன்.

"நீ என்னத்தைச் சொல்லுவாய்? நித்திரை கொண்டிட்டு வருவாய்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். படியிறங்கும்போது என் ஜாக்கெட்டைப் பின்னால் பிடித்திருந்தார். விடவேயில்லை. உள்ளே ஆடி மாதத்திலும் குளிர். பாறையை நெருப்பு வைத்துச் சூடாக்கி வெடிக்கச் செய்த விதத்தை அபிரா நோர்வேஜிய மொழியில் விளக்கினாள். அழகாகத்தான் விளக்கினாள். ஆனால் அண்ணர் கேட்டாரா? அவர் கண் முழுக்கத் திரும்பிப் போகும் படியில் இருந்தது.

பெரிய குகை ஒன்றில் அபிரா நின்றாள். கை சுவரில் இருந்த சுவிட்சில். விளக்கை அணைத்து அந்தக்கால இருட்டைக் காட்டுவதுதான் இங்கே விசேஷமாம். சொல்லிவிட்டு நிறுத்தினாள். கூட்டத்துக்குள் தகப்பனைத் தேடினாள். பிறகு தமிழில் கேட்டாள்:

"அப்பா, ஒருக்கா லைட்டை நூக்கவேணும். வேண்டாமெண்டால் சொல்லுங்கோ. நூக்கமாட்டன்."

வெள்ளைக்காரர்கள் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜாக்கெட் என் கழுத்தை இறுக்கியது.

"நூர்" என்றார் அண்ணர். "நூத்திட்டுக் கெதியாத் திருப்பிப் போடு."

இருட்டு. என் கையே எனக்குத் தெரியவில்லை. எங்கோ தண்ணீர் சொட்டியது. எனக்குப் பின்னால் அண்ணர் மூச்சு விடுகிறாரா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன்... கேட்கவில்லை.

பிறகு அவர் குரல் வந்தது.

"பிள்ளை, இஞ்சையும் ஒரு குருவியையும் காணேல்லை."

அபிரா சிரித்த சிரிப்பு குகை முழுக்கச் சுற்றி வந்தது. என்ன பகிடி என்று தெரியாமலே மற்றவர்களும் சிரித்தார்கள். விளக்கு எரிந்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது. என் ஜாக்கெட்டும் விடுபட்டிருந்தது.

மனிதர் தேறிவிட்டார் என்று எழுதி முடிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் ஒஸ்லோ திரும்பிய அடுத்த நாளே அவரை பஸ் நிறுத்தத்தில் கண்டேன்.

"சுரங்கத்துக்குள்ளையே இறங்கினனீங்கள். பிறகென்ன, ரயிலிலை போறதுக்கு?"

மரக்கறிப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்:

"அங்கை சுவிட்ச் ஆரின்ரை கையிலை எண்டு எனக்குத் தெரியாதே தம்பி."